துப்பாக்கிப் பட்டறையில் பிறந்த தையல் இயந்திரம்

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியின் தையல் பிரிவுக்குள் போய்ப் பாருங்கள். வரிசை வரிசையாக இயந்திரங்கள். அவற்றில் பலவற்றின் நெற்றியில் ‘ஜூகி’ என்ற பெயர் இருக்கும். ஊர்வழக்கில் ‘ஜூக்கி மிஷின்’. ஊசி நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் முறை ஏறி இறங்குகிறது. அதை ஒட்டி ஒரு பெண்ணின் விரல்கள் துணியை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. ஊசி அடிவரை இறங்கி மேலேறத் தொடங்கும் அந்தக் கணத்தில், கீழே சுழலும் கொக்கி வந்து நூல் வளையத்தைப் பிடிக்க வேண்டும். மயிரிழை பிசகினால் தையல் விட்டுப்போகும், நூல் அறுந்துபோகும்.

‘ஜூகி’ என்றால் ஜப்பானிய மொழியில் ‘கனரக இயந்திரம்’ என்று பொருள். தையல் மிஷினுக்கு ஏன் அப்படி ஒரு பெயர்? அந்த நிறுவனம் தொடங்கியது தைப்பதற்காக அல்ல. 1938ஆம் ஆண்டு டோக்கியோ நகரத்து இயந்திரத் தயாரிப்பாளர்கள் சுமார் 900 பேர் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். ஜப்பானிய ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்து கொடுப்பதே அதன் வேலை. 1945இல் ஜப்பான் சரணடைந்தது. துப்பாக்கி வாங்க ராணுவமே இல்லை. கையில் இருந்தவை கடைசல் இயந்திரங்களும், இரும்பைப் பதம்பார்த்துக் கடினமாக்கும் உலைகளும், நுட்பமாக அளக்கத் தெரிந்த தொழிலாளர்களும்தான். 1947இல் அவர்களுடைய முதல் வீட்டுத் தையல் இயந்திரம் வெளிவந்தது. 1953இல் தொழிற்சாலைகளுக்கான தையல் இயந்திரம் வந்தது. இன்று திருப்பூரில் ஓடுவது அந்த வம்சம்.

இதை இப்போது நினைவுபடுத்தக் காரணம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் இரண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று தமிழ்நாட்டுக்கு. சென்னை, ஓசூர், திருச்சி ஆகியவற்றுடன் கோவையும் சேலமும் அதன் மையங்கள். சூலூர் பக்கம் வாரப்பட்டியில் பாதுகாப்புத் தொழிற்பூங்கா அமைக்கத் திட்டமிடப்பட்டது. மலுமிச்சம்பட்டி வட்டாரத்தில் ஏவுகணைப் பாகங்கள் செய்யும் பெரிய வளாகமே இயங்குகிறது. பம்புசெட்டும் ஸ்பின்னிங் மிஷினும் செய்து பழகிய கைகள் பீரங்கிக்கும் விமானத்துக்கும் உதிரிப்பாகம் செய்யப் போகின்றன. ஆர்டர் எப்படிப் பிடிப்பது, எந்தச் சான்றிதழ் வாங்குவது, எந்த வங்கி கடன் தரும் என்று கருத்தரங்கு மேல் கருத்தரங்காக நடக்கிறது. அந்த ஆர்டர் ஒருநாள் நின்றுபோனால் பட்டறை என்ன செய்யும் என்று பேசிய மேடையை நான் இதுவரை பார்க்கவில்லை. உலகில் எத்தனையோ ஆலைகள் இந்தக் கேள்விக்கு முன்னால் நின்றிருக்கின்றன. சில தப்பின. பல மூடப்பட்டன. தப்பியவை எப்படித் தப்பின என்று தெரிந்துகொள்வது நமக்கு இப்போது அவசரத் தேவை என்று நினைக்கிறேன்.

முதலில் இயந்திரத்தின் பக்கம் பார்ப்போம்.

கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என் உள்ளங்கையில் இரண்டு உருளைகளை வைத்தார். ஒன்று ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கான ஷாப்ட்டிலிருந்து வெட்டிய துண்டு. மற்றொன்று ராணுவ வாகனத்தில் போகும் ஒரு புஷ், அதாவது நடுவில் துளையுள்ள உருளை. இரண்டும் எஃகு, இரண்டும் கணினி இயக்கும் அதே சிஎன்சி இயந்திரத்தில் கடைந்தவை. வெட்டெண்ணெய் வாசனைகூட ஒன்றுதான். பிறகு ஒரு மரப்பெட்டியைத் திறந்து ‘கோ, நோ-கோ’ கேஜை எடுத்தார். அதன் ஒரு முனை துளைக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், மறுமுனை உள்ளே போகவே கூடாது. அளவுகோல் தேவையில்லை, கணக்கு தேவையில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற பையன்கூட நாளைக்கு ஆயிரம் பாகங்களைச் சரிபார்த்துவிடுவான்.

இந்த எளிய கருவிக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி இன்னொரு துப்பாக்கியில் மாட்டினால் பொருந்த வேண்டும் என்ற பிடிவாதம் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அரசின் ஆயுதச்சாலைகளில்தான் வளர்ந்தது. போர்க்களத்தில் ஒவ்வொன்றையும் அரம் போட்டு இழைத்துச் சேர்க்க நேரம் கிடையாது. அந்தப் பிடிவாதத்திலிருந்து பிறந்தவைதான் அச்சுப்பிடிகள், கேஜ்கள், ஒரே மாதிரி வெட்டும் மில்லிங் இயந்திரங்கள். அங்கே வேலை பழகிய மெக்கானிக்குகள் வெளியே போனபோது அந்தக் கலையும் அவர்களோடு போனது. தையல் இயந்திரத்துக்கும், தட்டச்சு இயந்திரத்துக்கும், சைக்கிளுக்கும் போனது. உள்நாட்டுப் போர் முடிந்து துப்பாக்கி விற்காமல் கிடந்த காலத்தில்தான் ரெமிங்டன் என்ற துப்பாக்கிக் கம்பெனி 1873இல் தட்டச்சு இயந்திரம் செய்யத் தொடங்கியது. நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் விரல் தேய்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் மறந்திருக்காது.

பி.எஸ்.ஏ. சைக்கிளும் அப்படித்தான். ‘பர்மிங்காம் சிறு ஆயுதங்கள்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 1861இல் துப்பாக்கி செய்வோர் கூடித் தொடங்கிய கம்பெனி. 1870களின் முடிவில் துப்பாக்கி ஆர்டர் வறண்டது, ஆலையைக் கொஞ்சகாலம் மூடவே வேண்டியதாயிற்று. 1880இல் சைக்கிள் வகையைச் சேர்ந்த வண்டி செய்யத் தொடங்கினார்கள். ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள் அவர்களுடைய முத்திரை. சைக்கிளுக்கு வந்த பிறகும் அந்த முத்திரையை விடவில்லை. இத்தாலியில் குண்டுவீச்சு விமானம் செய்த பியாஜியோ, ஆலை தரைமட்டமான பின்பு 1946இல் வெஸ்பா ஸ்கூட்டர் செய்தது. நம் ஊர்களில் ஓடிய பஜாஜ் ஸ்கூட்டரின் மூதாதை அந்த வெஸ்பாதான்.

ஆனால் எல்லா இயந்திரமும் இப்படி மாறிவிடாது. லேத் என்றால் எதையும் கடையும். பம்பு ஷாப்ட், தறியின் உருளை, கார் ஆக்சில், எது வேண்டுமானாலும். போர்க்காலத்தில் பீரங்கிக் குண்டுக்கென்றே தனியாக வடிவமைத்த கடைசல் இயந்திரங்கள் இருந்தன. ஒரே விட்டம், ஒரே நீளம், ஒரே வளைவு. ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு குண்டு உடல் தயார். போர் உச்சத்தில் இருக்கும்போது அதைவிட லாபமான இயந்திரம் கிடையாது. போர் முடிந்த மறுநாள் அது எடைக்குப் போகும் இரும்பு. ஆக, ஆலையின் பிற்காலம் அது இயந்திரம் வாங்கும் நாளிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. இன்று பாதுகாப்பு ஆர்டரை நம்பிக் கடன் வாங்கி இயந்திரம் இறக்குகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைக்க வேண்டும்: இந்த மிஷினில் நாளைக்குப் பம்பும் கடைய முடியுமா?

இரும்பு வேலையை விட்டு வெடிமருந்து வேலைக்கு வருவோம். இது வேறு உலகம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறினால் குன்னூரைத் தாண்டி அருவங்காடு நிலையம் வரும். அங்கேதான் 1904ஆம் ஆண்டு முதல் கார்டைட் ஆலை இருக்கிறது. நீலகிரி நிர்வாகத்தில் தனி மாவட்டம் என்றாலும், மலையடிவாரக் கொங்கு ஊர்களிலிருந்து அங்கே வேலைக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். ‘கார்டைட்டில் வேலை’ என்றால் ஒருகாலத்தில் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள்.

கார்டைட் என்பது துப்பாக்கியிலிருந்தும் பீரங்கியிலிருந்தும் குண்டை உந்தித் தள்ளும் மருந்து. அதன் முதல் மூலப்பொருள் என்ன தெரியுமா? பஞ்சு. கரிசல் காட்டில் விளைந்து நம் மில்களில் நூலாகும் அதே பருத்தியின் நார். அதை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் ஊறவைத்தால் வெடிபஞ்சு கிடைக்கிறது. பார்வைக்குச் சாதாரணப் பஞ்சுதான், தீப்பொறி பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் காணாமல் போகும். அதோடு நைட்ரோகிளிசரினையும் கொஞ்சம் வாசலினையும் சேர்த்து, அசிட்டோன் ஊற்றி மாவாகப் பிசைவார்கள். பிறகு நாம் சந்தகை பிழிவதுபோல் அச்சில் வைத்துப் பிழிவார்கள். கயிறு கயிறாக வரும். கயிறு என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் கார்டைட் என்ற பெயரே வந்தது.

இந்த மருந்துச் சமையலுக்கு அமைதிக் காலத்தில் வேலை உண்டா என்றால், உண்டு. முதல் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியிடம் வெடிபஞ்சு செய்யும் திறன் மலைபோல் மிஞ்சியிருந்தது. அதே நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்து நிறமி சேர்த்தால் சீக்கிரம் காயும் பெயின்ட் ஆகும். 1923இல் அது ‘டூக்கோ’ என்ற பெயரில் கார்களுக்குப் பூசப்பட்டது. அதற்குமுன் ஒரு காருக்கு வண்ணம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். கரூர் பஸ் பாடி பட்டறையிலோ, நாமக்கல் லாரி பட்டறையிலோ, ஒரு மரச்சாமான் கடையிலோ பெயின்டரிடம் கேட்டுப் பாருங்கள். ‘டூக்கோ அடிக்கிறேன்’, ‘என்.சி. பெயின்ட்’ என்று இன்றும் சொல்வார். அந்த ‘என்.சி.’தான் நைட்ரோசெல்லுலோஸ். பீரங்கி மருந்தின் தங்கச்சி அது.

நைட்ரோகிளிசரினுக்கும் நம் மண்ணோடு பழைய உறவு இருக்கிறது. கொங்கு நாட்டின் பழைய இறவைக் கிணறுகளை எட்டிப் பாருங்கள். பாதி ஆழத்துக்குமேல் பாறை. உளியால் தமர் அடித்து, தோட்டா வைத்து, திரி கொளுத்திவிட்டு ஓடி வந்துதான் அந்தக் கிணறுகளை இறக்கினார்கள். வெடித்த கல்லைக் கூடையில் அள்ளி மேலேற்றினார்கள். அந்தத் தோட்டாவுக்குள் இருந்ததும் கார்டைட் குடும்பத்து மருந்துதான். போர்க்களத்துக்கென்று பெருகிய வேதியியல் இங்கே கிணறு வெட்டியது. பிறகு அந்தக் கிணற்றில் கோவை மோட்டார் இறங்கியது. அப்படி வெட்டிய கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்ற முறையில், வெடிமருந்து என்றாலே அழிவு என்று என்னால் பேச முடியவில்லை.

உரத்தின் கதை இன்னும் பெரியது. காற்றிலிருக்கும் நைட்ரஜனை அம்மோனியா ஆக்கும் முறை 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் ஆலை அளவுக்கு வந்தது. உரத்துக்காக வந்தது, மறு ஆண்டே போர் மூண்டு வெடிமருந்துக்குத் திரும்பியது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மசில் ஷோல்ஸ் என்ற ஊரில் 1918இல் வெடியுப்பு ஆலை ஒன்றைக் கட்டினார்கள். கட்டி முடிப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. அதை என்ன செய்வது என்று பதினைந்து வருடம் அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் சண்டை. ஹென்றி ஃபோர்டு விலைக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. கடைசியில் 1933இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் கைக்கு வந்து, உர ஆராய்ச்சிக்குப் பேர்பெற்ற இடமாயிற்று. இயந்திரங்கள் மாறத் தயாராக இருந்தும், யார் கையில் இருப்பது என்று முடிவு செய்யவே அத்தனை வருடம் போயிற்று.

இந்தப் பாதையில் ஒரு கோரமும் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பசியில் கிடந்த ஐரோப்பாவுக்கு உரம் அனுப்ப, அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலும் அயோவாவிலும் இருந்த வெடிமருந்து ஆலைகள் அம்மோனியம் நைட்ரேட் உரம் செய்யத் தொடங்கின. நல்ல எண்ணம், நல்ல திட்டம். 1947 ஏப்ரல் 16 அன்று டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் அந்த உரத்தை ஏற்றிக்கொண்டிருந்த கப்பலில் தீப்பிடித்தது. கப்பல் வெடித்தது. குறைந்தது 581 பேர் இறந்தார்கள். வெடிமருந்து என்று பெயர் இருந்தவரை அதற்குக் காவலும் கட்டுப்பாடும் இருந்தன. உரம் என்று பெயர் மாறியதும் துறைமுகத்தில் அதைச் சாதாரண மூட்டையாகக் கையாண்டார்கள். பொருளின் குணம் மாறவில்லை.

இது எங்கோ நடந்தது என்று தள்ளிவிட முடியாது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது, சென்னை மணலியில் 2015ஆம் ஆண்டு சுங்கத்துறை பறிமுதல் செய்து வைத்திருந்த சுமார் 700 டன் அதே சரக்கு கன்டெய்னர்களில் கிடப்பது செய்தியாயிற்று. இறக்குமதி செய்திருந்தது கரூர் நிறுவனம் ஒன்று. ஐந்து வருடம் கிடந்த சரக்கை அதன்பிறகுதான் அவசர அவசரமாக அப்புறப்படுத்தினார்கள்.

மருந்து ஆலையை வேறு ஆலையாக மாற்றுவதில் கட்டடமும் ஒரு சிக்கல். ஒரு கட்டடம் வெடித்தால் பக்கத்துக் கட்டடம் தப்ப வேண்டும் என்பதற்காக இடம்விட்டு இடம்விட்டு, நடுவில் மண்மேடு எழுப்பிக் கட்டுவார்கள். கூரை லேசாக இருக்கும், வெடித்தால் மேல்நோக்கிப் போகட்டும் என்று. இப்படிச் சிதறிக் கிடக்கும் கொட்டகைகளில் துணி ஆலையோ கார் ஆலையோ நடத்த முடியாது. நைட்ரோகிளிசரின் ஓடிய குழாயைக் கேஸ் வெல்டிங்கில் வெட்ட முடியாது, உள்ளே ஒட்டியிருக்கும் துளி ஆளையே கொன்றுவிடும். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிய நச்சை எடுக்க வருடங்கள் ஆகும். அதனால்தான் போர் விமானம் செய்த ஆலை ஸ்கூட்டர் செய்த கதைகள் நிறைய இருக்கின்றன, மருந்து ஆலை மாறிய கதைகள் குறைவாக இருக்கின்றன.

இயந்திரமும் மருந்தும் ஒருபுறம் இருக்கட்டும். மாற்றம் தோற்ற இடங்களைத் துருவிப் பார்த்தால் பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில்தான் போய் முடிகிறது.

கணபதி நண்பரின் இரண்டு உருளைகளுக்குத் திரும்புகிறேன். ராணுவ புஷ்ஷுக்கு ஒரு கோப்பு இருந்தது. எந்த உருக்கில் வார்த்த எஃகு, அதன் ரசாயனச் சோதனை, கடினச் சோதனை, ஒவ்வொரு பரிமாணத்தின் அளவு, பரிசோதகரின் கையெழுத்து. பம்பு ஷாப்ட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு. புஷ்ஷின் விலையில் இந்தக் கோப்பின் செலவும் அடக்கம், வாங்குகிறவர் அதைக் கேட்டுத்தான் வாங்குகிறார். ஷாப்ட்டுக்கோ டீலர் ஐம்பது காசுக்கு அரைமணி நேரம் பேரம் பேசுவார். தோட்டத்துக்காரர் அதற்குமேல். இரண்டு வேலைக்கும் கை ஒன்று, மூளை வேறு. முதல் வேலையையே இருபது வருடம் செய்தவனுக்கு இரண்டாவது வேலையின் சிக்கனம் மறந்துபோகும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்துத் தொழிற்பொறியியல் பேராசிரியர் சீமோர் மெல்மன் இதைத்தான் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். செலவோடு லாபத்தையும் சேர்த்து அரசே கொடுத்துவிடும் ஒப்பந்தங்களில் பழகிய நிறுவனம் செலவைக் குறைக்கும் திறனை இழந்துவிடும் என்பது அவருடைய வாதம். பொறியாளர், மேலாளர், விற்பனையாளர் மூவரையுமே மறுபடி பழக்கினால்தான் அந்த ஆலை சந்தைக்கு வர முடியும் என்றார்.

சோவியத் ஒன்றியம் அதை ரத்தமும் சதையுமாகக் காட்டியது. 1988 டிசம்பர் 7 அன்று ஐ.நா. சபையில் பேசிய கோர்பச்சேவ் ஐந்து லட்சம் படைவீரர்களைக் குறைப்பதாக அறிவித்தார். அதே உரையில், சோதனை முயற்சியாக இரண்டு மூன்று பாதுகாப்பு ஆலைகளை மக்கள் உற்பத்திக்கு மாற்றும் திட்டம் வகுக்கப்படும் என்றும் சொன்னார். திட்டமிட்டு, மெல்ல, ஆலை ஆலையாக. அந்த நிதானத்துக்குக் காலம் கிடைக்கவில்லை. நாடு உடைந்தது. 1992இல் ரஷ்ய அரசு ஆயுதக் கொள்முதலை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒரே வெட்டாக வெட்டியது. விமானத்துக்கான டைட்டானியத்தில் மண்வெட்டி செய்து விற்ற ஆலைகளும் உண்டு. ஆயுதம் தவிர வேறெதுவும் செய்தறியாத ஆலை, அந்த ஆலையைத் தவிர வேறெதுவும் இல்லாத ஊர், அந்த ஊரில் சம்பளம் வராமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த உலகத்தரப் பொறியாளர்கள். படிக்கும்போதே நெஞ்சு கனக்கிறது.

1945இல் அமெரிக்கா மட்டும் எப்படிச் சமாளித்தது? டெட்ராய்ட் கார் கம்பெனிகள் 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்திவிட்டு விமானமும் டாங்கியும் செய்தன. போர் முடிந்ததும் மறுபடி கார். அவர்களுக்குத் திரும்பிப்போக ஒரு வீடு இருந்தது. பழைய வரைபடம், பழைய டீலர், பழைய வாடிக்கையாளர் எல்லாம் அப்படியே. நான்கு வருடம் வாங்குவதற்குப் பொருள் இல்லாததால் மக்கள் கையில் சேமிப்பும் இருந்தது. ஆனால் அந்த வெற்றிக் கதையில் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. போர்க்காலத்தில் குண்டு கடைந்த, விமானத்துக்கு ரிவெட் அடித்த பெண்களில் மிகப் பலரை, ஆண்கள் திரும்பி வந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சீனா 1979இலிருந்து சோங்சிங் நகரத்து ஆயுத ஆலைகளில் மோட்டார் சைக்கிளும் சிறு வேனும் செய்தது. ஜியாலிங், சாங்கான் என்று இன்று அறியப்படும் பெயர்கள் ஆயுதச்சாலைகளின் பெயர்கள். அங்கேயும் வாங்குவோர் வரிசை வாசலில் காத்திருந்தது, பொருளுக்குத்தான் பஞ்சம்.

நம் நாட்டிலும் இது முயலப்பட்டது. 1957 முதல் 1962 வரை பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன், படைக்கலத் தொழிற்சாலைகளின் சும்மா கிடந்த திறனைப் பொதுமக்களுக்கான பொருள்களுக்குப் பயன்படுத்தச் சொன்னார். காபி வடிக்கும் இயந்திரம்கூடச் செய்தார்கள். 1962இல் சீனப் போரில் அடி விழுந்ததும் ‘துப்பாக்கி செய்ய வேண்டிய இடத்தில் காபி இயந்திரம் செய்தார்கள்’ என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் ஒலித்தது. மேனன் பதவி விலகினார். அதோடு அந்தச் சிந்தனையும் செத்தது. எனக்கு இது வருத்தமான முடிவு. சும்மா கிடக்கும் இயந்திரத்தை ஓட்ட வேண்டும் என்பதில் தவறில்லை. காபி இயந்திரம் செய்யத் தனியார் பட்டறை போதும். அத்தனை நுட்பம் கொண்ட ஆலைக்கு அதைவிடக் கடினமான, நாட்டுக்கு வேண்டிய ஒரு வேலையைத் தேடித் தந்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட வேலையைத் தேடிய ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. லூகாஸ் என்ற பெயர் நமக்குப் பழக்கம், லூகாஸ் டிவிஎஸ் வழியாக. அதே பிரிட்டிஷ் குழுமத்தின் விமானப் பிரிவு லூகாஸ் ஏரோஸ்பேஸ். 1970களில் அங்கே ஆட்குறைப்பு வந்துகொண்டிருந்தது. வேலையில் ஏறக்குறைய பாதி ராணுவ வேலை. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் ஒன்றுகூடி, எங்களை வெளியே அனுப்பாதீர்கள் என்று கேட்பதோடு நிற்காமல், வேறு என்ன செய்யலாம் என்று தாங்களே எழுதிக் கொடுக்க முடிவெடுத்தார்கள். முதலில் வெளியே இருந்த நிபுணர்கள், நிறுவனங்கள் என்று 180 பேருக்குக் கடிதம் போட்டார்கள். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பதில் வந்தது. பிறகு தங்கள் ஆலைகளின் தொழிலாளர்களிடமே கேட்டார்கள். உங்கள் கையில் என்ன திறமை இருக்கிறது, உங்கள் பிரிவில் என்ன இயந்திரம் இருக்கிறது, ஊருக்கு என்ன தேவை? சுமார் 150 பொருள்களின் யோசனை குவிந்தது. சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரம், வெப்பப் பம்பு, காற்றாலை, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் வாகன எஞ்சின், சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி, முதுகெலும்புக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கான தள்ளுவண்டி. 1976இல் அதைத் திட்டமாக வெளியிட்டார்கள்.

நிர்வாகம் ஏற்கவில்லை. திட்டத்தின் முன்னணியில் நின்ற பொறியாளர் மைக் கூலி 1981இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு அவருக்கு ‘மாற்று நோபல்’ எனப்படும் விருது கிடைத்தது. இன்று கலப்பு எஞ்சின் காரும் காற்றாலையும் நமக்கு அன்றாடக் காட்சி. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி வழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 150 பொருள்களின் பட்டியல் நினைவுக்கு வரும். நிபுணர் சொல்லாததை லேத் ஓட்டுகிறவர் சொன்னார்.

அருவங்காட்டுக்கும் இந்தக் கேள்வி வரும். 2021 அக்டோபர் 1 அன்று நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளையும் ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள், கார்டைட் ஆலை மியூனிஷன்ஸ் இந்தியா என்ற நிறுவனத்தின் கீழ் வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பாதுகாப்பு உற்பத்தியில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்திருந்தது. நூற்றாண்டுக்கு மேலாக ஒரே வாடிக்கையாளரை நம்பிய ஆலை, இனித் தன் ஆர்டரைத் தானே தேட வேண்டும். லூகாஸ் தொழிலாளர்கள் செய்ததுபோல், உங்களுக்கு வேறு என்ன தெரியும் என்று அங்கே இருப்பவர்களிடம் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

கொங்கு நாட்டுப் பட்டறைகளின் நிலை அதைவிட நல்லது, காரணம் அவை வேறு வழியாக வந்தவை. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் லங்காஷயர் உதிரிப்பாகங்கள் வருவது தடைப்பட்டபோது, மில்களுக்கான பாகங்களைக் கோவைப் பவுண்டரிகள் வார்த்தன. போர் அப்போது நம்மிடம் ஆயுதம் கேட்கவில்லை, இல்லாத பொருளைச் செய்துகொள்ளச் சொன்னது. போர் முடிந்ததும் அந்தத் திறமை ஜவுளி இயந்திரத் தொழிலாக வளர்ந்தது. சூலூர் விமானத்தளம் அந்தப் போர்க்காலத்தில்தான் உருவானது. 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இறங்கியவர்கள் அதன் கொட்டகைகளுக்குத் தீ வைத்தார்கள். அதே சூலூர் வட்டத்தில்தான் இப்போது பாதுகாப்புப் பூங்காத் திட்டம்.

டெட்ராய்ட்டைப் போல நமக்கும் திரும்பிப்போக ஒரு வீடு இருக்கிறது. பம்பு, மோட்டார், கிரைண்டர், ஜவுளி இயந்திரம் என்று. பாதுகாப்பு ஆர்டரை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நுட்பம் கூடும், அளக்கும் ஒழுக்கம் கூடும், அந்தக் கோப்பு எழுதும் பழக்கம் பம்புக்கும் நல்லது. எனக்குப் பயமெல்லாம், நல்ல விலை கிடைக்கிறதே என்று பழைய வாடிக்கையாளரைக் கைவிட்டு, பழைய மோல்டரை அனுப்பிவிட்டு, ஒரே ஆர்டருக்கென்று இயந்திரம் வாங்கி, ஒரே ஒரு வாங்குபவரின் வாசலில் போய் நிற்பதுதான். பெரிய நிறுவனம் ஒரு ஆர்டர் போனால் தாங்கும். பத்துப் பேர் வேலை செய்யும் ஜாப் ஒர்க் பட்டறை மூன்று மாதம் தாங்காது. அரசு இந்த வழித்தடத்துக்குச் சலுகை தரும்போதே, ஆர்டர் நின்றால் இந்தப் பட்டறைகளுக்கு எந்தப் பொதுத்துறை வேலை வரும் என்பதையும் எழுதி வைக்கலாம். ரயில்வேக்கும், மருத்துவமனைகளுக்கும், சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் இதே கடைசல்தான் வேண்டும்.

நண்பரின் பட்டறையில் பரண்மேல் மரப் பேட்டர்ன்கள் அடுக்கியிருக்கின்றன. அவருடைய தகப்பனார் காலத்துப் பம்பு உறைகளின் அச்சுகள், தேக்கில் செதுக்கியவை, விளிம்பில் சிவப்புச் சாயம் உதிர்ந்திருக்கும். போன ஆண்டு ராணுவ வேலைக்குத் தூசில்லாத அறை வேண்டும் என்று பரணைப் பிரிக்கச் சொன்னார்கள். அறையைப் பின்பக்கம் கட்டிக்கொண்டார், பரணை விட்டுவிட்டார். ஆயுத பூஜையன்று புது சிஎன்சிக்குச் சந்தனம் வைத்த கையோடு ஏணி போட்டு ஏறி, அந்த அச்சுகளுக்கும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தார். இறங்கி வந்து, கீழே நின்ற எங்களுக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்தார்.